இறைச்சியும் பொதுநன்மையும்

கட்டிய மனைவிமேல் மானநஷ்ட வழக்குப் பேசிவிடுவது என்று ஷரிபுதீன் தீர்மானித்தார். நீதிமன்றத்தில் அல்ல, குசினியில்.

வேறு வழியில்லை. போன கிழமை சாய்ந்தமருதில் ஒரு கலியாண விருந்து. ஒரே சஹன் தட்டைச் சுற்றி ஷரிபுதீனோடு ஆறுபேர் குந்தினார்கள். குந்தியதும் மற்ற ஐவரும் தங்கள் பக்கத்து இறைச்சியைச் சோற்றால் மூடி வரம்பு கட்டினார்கள். பக்கத்தில் குந்திய றமீஸ்தான் விசயத்தை உடைத்தான்.

"கோவிக்காதீங்க காக்கா. நீங்க சோத்துக்குக் கீழால சுரங்கம் தோண்டி மத்தாக்கள்ட இறைச்சிய எடுக்கிறயாமே. உங்கட ஊட்டிலதான் சென்ன."

வீட்டில் என்றால் றுகையா. வேலிக்கு அந்தப் பக்கத்துச் சுபைறாவிடம் அவள் ஒரு சொல் விட்டாள். சுபைறாவின் கைபேசி அதை மருதமுனை வரை கொண்டுபோனது. ஷரிபுதீனோ கூச்சக்காரர், விருந்தில் தண்ணீர் கேட்கவே யோசிப்பவர். வருகிற வெள்ளி மச்சினன் மகளின் கலியாணம். அதற்குள் பெயர் திரும்பியாக வேண்டும்.

றுகையா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"றுகையா, நீ என்ட மானத்தக் கெடுத்திட்டாய்."

"சுபைறாட்டச் சென்னதா? ஓம், சென்னதுதான். அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா? அனிமஸ் இன்ஜூரியாண்டி! கெடுக்கணுமெண்ட எண்ணம்!"

"ரிக்ஸா" என்றாள், துருவலை நிறுத்தாமல்.

ஷரிபுதீன் கதிரையைப் பிடித்துக்கொண்டார். சண்டைச் சூட்டில் வந்த சொல்லுக்கு வழக்கில்லை என்று சொல்லும் லத்தீன் அது.

"அண்டைக்கிக் காலையில நான் ஆக்கின ஆணத்த ஆத்துத்தண்ணி எண்டீங்க. அந்தச் சூட்டில சென்ன."

"சண்ட காலையில. நீ கதைச்சது பின்னேரம் அசறுக்குப் பொறகு. சூடு ஆறிப்போச்சி. ரிக்ஸா செல்லாது!"

"அப்ப கொம்பென்ஸாசியோ. நீங்க என்ட ஆணத்த ஏசின, நான் உங்கட கைய ஏசின. ஒண்டுக்கு ஒண்டு சரி."

"இதெல்லாம் உனக்கு ஆரு படிச்சித் தந்த?"

"கலியாணம் முடிச்ச புதுசில தாளப் புடிச்சிக்கிட்டு இருந்த ஆரு?"

அவருக்கு ஞாபகம் வந்தது. கல்முனையில் சட்டத்தரணியின் கந்தோரில் கிளாக்கராகச் சேர்ந்த வருசம். லத்தீன் சொற்களைப் பிழையில்லாமல் தட்டச்சு செய்ய வேண்டுமென்று ஐயா ஒரு தாள் கொடுத்திருந்தார். அவளுக்குச் சீதனமாக வந்த இதே வீடு, அப்போது பூச்சு காயாத சுவர். மஃரிபு தொழுதுவிட்டு வந்து அவர் ஒப்பிப்பார், அவள் தாளைப் பிடித்திருப்பாள். சரியாகச் சொன்னால் அவருக்கு ஒரு துண்டு இனிப்புத் தொதல். பிழைத்தால் அது அவளுக்கு. அவள் தொதல் தின்னும் அழகுக்காகவே எத்தனை தரம் வேண்டுமென்று பிழைத்திருப்பார்! அப்போதே அவள் எல்லாவற்றையும் பாடமாக்கிவிட்டாள் என்று யார் கண்டது?

"அத விடுங்க. நான் சென்னது உண்மையா, பொய்யா?"

ஷரிபுதீன் கூரையைப் பார்த்தார். "உண்மை மட்டும் காணாது. நம்மட சட்டத்தில பொதுநன்மையும் இரிக்கணும்."

"இரிக்கிதானே? நான் சென்னபடியாத்தான் மத்த அஞ்சு பேருக்கும் இறைச்சி கிடைச்சிரிக்கி."

வழக்கு அத்தோடு தள்ளுபடி.

"றுகையா, சட்டம் கிடக்கட்டும். வெள்ளிக்கிழமை நான் எப்பிடிகா சபையில குந்துற?"

அவளுக்கும் தொதல் ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகம் இளகியது. கையைக் கழுவிக்கொண்டு வேலியடிக்குப் போனாள்.

"சுபைறா, இஞ்ச வாகா. நம்மட மனிசனப் பத்திச் சென்னது பிழகா..."

அந்த ஒரு சொல் அவருக்குப் போதும். மிச்சத்தைக் கேட்காமலே தொப்பியைப் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்கு நடந்தார்.

வெள்ளிக்கிழமை சஹனில் எவரும் வரம்பு கட்டவில்லை. தள்ளியிருந்து மரியாதையாக இடம் கொடுத்தார்கள். ஷரிபுதீனுக்கு நெஞ்சு நிறைந்தது. பிஸ்மி சொல்லிக் கைவைக்கப் போனார். அதற்குள் றமீஸ் அவர் பக்கத்து இறைச்சி முழுவதையும் அள்ளி மற்றவர்களுக்குப் பங்கிட்டான்.

"பாவம் காக்கா. உங்களுக்கு டொக்டர் இறைச்சிய நிப்பாட்டிட்டாராமே. இனித் தொடவே மாட்டாரெண்டு றுகையா றாத்தா எல்லாருக்கும் செல்லச் சென்னவ."

மாசில்லாத பெயரோடு ஷரிபுதீன் வெறுஞ்சோறு தின்றார்.