இஸ்திரி வண்டியில் விற்ற பங்குகள்

ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்தில் எந்தத் தொழிற்சாலை உருப்படும், எது இழுத்து மூடப்படும் என்று முன்கூட்டியே சொல்லத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் பேப்பர் படித்ததில்லை. ஆவடி பக்கம் சேக்காட்டில் மரத்தடியில் வண்டி போட்டுத் துணி தேய்த்துக்கொண்டிருந்தார். ஷேர் அண்ணாத்தே என்றால் தபால்காரருக்கும் தெரியும்.

அறுபதுகளின் கடைசி அது. சுற்றுவட்டாரத் தொழிற்சாலைக் காக்கி உடுப்பெல்லாம் அவரிடம்தான் வரும். பேண்ட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைத் தடவுவார். பளபளவென்று தேய்ந்திருந்தால் உதட்டைப் பிதுக்குவார்.

“குந்திகினே கீறானுங்க. ஆர்டர் இல்ல. இந்தக் கம்பெனி ஷேரு வாணாம்.”

சட்டை முழங்கையில் எண்ணெய்க் கறை இருந்தால் முகம் மலரும். அப்படிக் கறை பார்த்துத்தான் அம்பத்தூரில் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் பத்து ஷேர் வாங்கியிருந்தார். என் போதாத காலம், அதே கம்பெனியில் நான் லேத்தில் இரும்பு கடையும் தற்காலிக டர்னர். தினமும் சாயங்காலம் என் சைக்கிளை மறித்து விசாரணை நடக்கும்.

“இன்னா நைனா, என் லேத்த தொடச்சிட்டு வந்தியா?”

“அது கம்பெனி லேத்து அண்ணாத்தே.”

“பத்து ஷேருக்கு ஒரு கைப்பிடியாவது என்னுது இல்லியா? அத்தயாவது தொடச்சி வையி!”

அந்த வருஷம் கம்பெனி இரண்டாவது ஷெட் கட்டுவதற்காகப் புதிதாக ஷேர் வெளியிட்டது. விற்றால் ஷெட் வரும். ஷெட் வந்தால் தற்காலிக ஆட்கள் ஒன்பது பேருக்கும் வேலை நிரந்தரம். விற்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். எங்கள் வீட்டில் என் சம்பளத்தை நம்பித்தான் அடுப்பு எரிந்தது. அண்ணாத்தேயிடம் அழாத குறையாகச் சொன்னேன்.

அவர் ஒரு கட்டு விண்ணப்பப் படிவம் வாங்கிவந்து, தேய்த்த சட்டை ஒவ்வொன்றின் மடிப்புக்குள்ளும் ஒன்றைச் செருகி அனுப்பிவிட்டார். மறுநாள் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பெண்கள் படையெடுத்து வந்தார்கள்.

“என்னய்யா இது, சட்டைக்குள்ள காகிதம்?” என்றார் ஒரு அம்மாள்.

“காயிதம் இல்லம்மா, கம்பெனி! அஞ்சு ஷேரு வாங்கிப் போடு.”

“எங்க பணத்துக்கு நாங்க சங்கிலி வாங்கிக்கிறோம். பீரோவுல பத்திரமா இருக்கும்.”

“பத்து வருசமா பீரோல தூங்கிகினு கீதே உன் சங்கிலி, ஒரு ஆளுக்கு வேல குடுத்துச்சா? இதோ நிக்கிறான் பாரு இந்தப் புள்ள, இவனுக்கு உன் துட்டுதான் வேல குடுக்கணும்!”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சந்தைக்கு வந்த மாடு மாதிரி நின்றேன். பல்லைப் பிடித்துப் பார்க்காததுதான் பாக்கி. நாலு பேர் ஷேர் வாங்கினார்கள். மற்றவர்கள் துணியை வேறு வண்டிக்கு மாற்றிக்கொண்டார்கள்.

ஷேர் விற்றது. ஷெட் எழும்பியது. வேலையும் நிரந்தரமானது. பட்டணத்துப் பெரிய மனிதர்கள் வாங்கியதால்தான் என்று எவ்வளவு சொல்லியும் அண்ணாத்தே ஒப்புக்கொள்ளவில்லை. பிறகுதான் அவர் மனைவி விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

“ரயில் டேசன் பக்கம் லாண்டிரி கடை எடுக்க வெச்சிருந்த துட்டு தம்பி. அத்தினியும் ஷேர்ல போட்டுட்டு வந்து இளிச்சிகினு நிக்குது இந்த மனுசன்.”

நேரே வண்டிக்கு ஓடினேன்.

“ஏன் அண்ணாத்தே இப்படிப் பண்ணீங்க?”

“ஒம்போது பேரு காக்கியும் எங்கிட்ட வரும்ல? யாவாரம் நைனா!”

நிரந்தரமான பிறகு வாங்கிய முதல் சம்பளத்தில், வியாபாரம்தானே என்று தேய்ப்புக் கூலியை நீட்டினேன். இஸ்திரிப் பெட்டியை ஓங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

“மொதலாளி கிட்டயே துட்ட நீட்றியா? போடா, போய் வேலயப் பாரு!”

அதன்பின் எத்தனையோ பேரிடம் வேலை பார்த்துவிட்டேன். மனசார முதலாளி என்று நான் கூப்பிட்டது அவர் ஒருவரைத்தான்.