கண்ணாடி கழற்றிய ஊர்

அந்த இலையுதிர்காலத்தில் ஸ்கார்வோய் தீவின் ஜெபக்கூடத்தில் உட்கார இடம் கிடைக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கே பாதிப் பெஞ்சுகள் காலியாகக் கிடக்கும் கூடம் அது. இப்போது ஜன்னல் விளிம்பில் ஆள், அடுப்புக்குப் பக்கத்தில் ஆள், கோட்டு மாட்டும் மூலையில் கோட்டோடு கோட்டாக ஆள். நார்வேயின் மேற்குக் கரை மழையைப் பொருட்படுத்தாமல், பக்கத்துத் தீவுகளிலிருந்தும் படகு படகாக வந்து இறங்கினார்கள். எல்லோரும் நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள். எல்லோருக்கும் ஒரே வியாதி: செய்தித்தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தும் எழுத்து தெரியவில்லை.

சாகாமல் நாற்பத்தைந்தைத் தாண்டுகிற எவருக்கும் வருகிற சங்கதிதான். கண் பரிசோதகர் மூக்கின் மேல் ஒரு சட்டத்தை வைத்து, சில்லை மாற்றி மாற்றிப் போட்டு, "இதுவா நல்லாத் தெரியுது, அதுவா?" என்று கேட்டு, அரை மணியில் அனுப்பிவிடுவார். ஆனால் அரை மணியில் முடிகிற காரியத்தில் அற்புதத்துக்கு எங்கே இடம்?

அற்புதத்தைக் கொண்டுவந்தவர் பெயர் தங்க்ரெட். சகோதரர் தங்க்ரெட் என்றுதான் சொல்ல வேண்டும். ஐம்பத்தைந்து வயது, வெள்ளைத் தாடி, எப்போதும் தொடுவானத்தைப் பார்க்கிற பார்வை. அவர் பேச்சு சுருக்கமானது: கண்ணைக் கெடுப்பது வயது கிடையாது, சந்தேகம். விசுவாசத்தோடு மெழுகுவர்த்திச் சுடரைப் பார்த்து, அவர் விற்கும் பாசித் தண்ணீரால் கண்ணைக் கழுவினால், மூக்குக்கண்ணாடி தானாகக் கழன்றுவிடும். கழன்ற கண்ணாடிகளைப் போட மேடைக்குக் கீழே ஒரு மீன்பெட்டி வைத்திருந்தார். முதல் வாரத்திலேயே பெட்டி பாதி நிறைந்துவிட்டது. அவற்றில் தங்க முலாம் பூசியவை மட்டும் ஏன் மறுநாள் பெட்டியில் இருப்பதில்லை என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாதுதானே, யார் கண்ணிலும் கண்ணாடி இல்லையே.

குணமானதற்குச் சாட்சி வேண்டாமா? அதற்குத்தான் கறுப்பு அட்டை. வேதபாடப் புத்தகத்தின் விசுவாச அறிக்கைப் பக்கத்தைக் கடுகளவு எழுத்தில் அச்சடித்துக் கறுப்பு அட்டையில் ஒட்டி, ஆளுக்கு ஒன்று விற்றார். வீட்டில் தினமும் பழக வேண்டும். சனிக்கிழமை மேடையேறி, கண்ணாடி இல்லாமல் வாசிக்க வேண்டும். வாசித்தார்கள்! ஒருவர் தவறாமல், தடுமாறாமல் வாசித்தார்கள். கூட்டம் அழுதது.

அந்தத் தீவில் எவரும் பதினான்கு வயதில் அந்தப் பக்கத்தைப் பாதிரியார் முன் நின்று ஒரு சொல் பிசகாமல் ஒப்பிக்காமல் பெரியவர் ஆனதில்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். இந்தச் சின்ன விஷயம் கூட்டத்தில் ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை.

யோருனுக்கு வந்தது. வந்ததை வெளியே சொல்ல முடியவில்லை. அவள் கணவன் ஸிவெர்ட்டும் தன் கண்ணாடியை மீன்பெட்டியில் போட்டுவிட்டான்.

ஸிவெர்ட் தபால் படகின் தலைவன். வசந்தத்தில் வழக்கமான பரிசோதனைக்கு வந்த கண் பரிசோதகர், "தூரப் பார்வை கழுகு மாதிரி இருக்கு. கிட்டப் படிக்க மட்டும் ஒரு கண்ணாடி போட்டுக்குங்க, ஐம்பது ஆகுதுல்ல?" என்று சொன்னார். அந்த 'ஐம்பது' அவனுக்குச் செருப்படியாக விழுந்தது. இப்போது இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. தீவின் பள்ளியை மூடிவிட்டார்கள். திங்கட்கிழமை முதல் பிள்ளைகளையெல்லாம் ஏற்றிக்கொண்டு ஹெஸ்தோய் தீவுப் பள்ளிக்குப் போக வேண்டும். அவன் போயிராத வழி. பாறைக்கு நடுவே பாறை. வரைபடத்தில் ஆழத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் போக வேண்டும், அந்த எண்களோ எறும்புத் தலை அளவு.

யோருனின் தம்பி எட்வினும் படகோட்டிதான். கண்ணாடி போட்டால் கிழவன் என்பார்கள் என்று சிரிப்பான். ஒரு மூடுபனி நாளில், ஆழம் ஒன்று என்று இருந்ததை ஏழு என்று வாசித்தான். நீந்திக் கரை சேர்ந்த மாலுமி வந்து சொன்னான். எட்வினின் காபிக் கோப்பை இன்னும் அலமாரியில் இருக்கிறது. யோருன் அதில் யாருக்கும் ஊற்றுவதில்லை.

"ஸிவெர்ட், அந்தப் பெட்டியிலேர்ந்து கண்ணாடிய எடுத்துட்டு வா," என்றாள், அந்த வாரம் முழுக்க.

"நான்தான் அட்டையப் படிக்கிறேனே! கேட்டேல்ல?"

"கேட்டேன். நேத்து விளக்க அணைச்சப்புறமும் படிச்ச."

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம். சகோதரர் சொன்னது சரிதான், உன் கண்ணாடி தடிச்சுக்கிட்டே போறது அதனாலதான்."

"சரி, இந்தா உப்பு டப்பா. மேல என்ன எழுதியிருக்கு?"

"அது விசுவாசத்தோட எழுதினது இல்ல!" என்று சொல்லிவிட்டு, சர்க்கரை என்று நினைத்துக் காபியில் அதையே போட்டுக்கொண்டான். வீம்புக்காக முழுவதையும் குடித்தான்.

பக்கத்து வீட்டு பெத்ரா வேறு வந்தாள். ஊரில் முதலில் குணமானவள், எல்லாச் சனிக்கிழமையும் சாட்சி சொல்கிறவள். "அவரத் தடுக்காத யோருன். நான் இப்ப ஊசியில நூல்கூடக் கோக்குறேன் தெரியுமா?" என்றாள். அவள் பச்சை ஸ்வெட்டரின் துளை சிவப்பு நூலால் தைக்கப்பட்டிருந்தது. யோருன் அதைப் பார்த்தாள்.

வாய்ச்சண்டையால் ஆகாது என்று புரிந்துகொண்டாள். வெள்ளி இரவு ஸிவெர்ட் குறட்டை விட்டதும், அவன் கோட்டுப் பையிலிருந்து கறுப்பு அட்டையை எடுத்தாள். செய்தித்தாளின் விளம்பரப் பக்கத்தில் அதே அளவு கட்டத்தைக் கத்தரித்தாள். அட்டையிலிருந்த பக்கத்தின் மேல் கோந்து தடவி ஒட்டி, அட்டையைப் பையில் திரும்ப வைத்தாள். அவ்வளவுதான். சோதனை என்றால் இவ்வளவுதான்; இதற்குப் பல்கலைக்கழகம் தேவையில்லை.

சனிக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. பிள்ளைகளின் பெற்றோரெல்லாம் முன்வரிசையில். படகுத் தலைவனின் கண் குணமானதைக் காண வேண்டாமா?

"சகோதரர் ஸிவெர்ட், மேல வாங்க!" என்றார் தங்க்ரெட். "திங்கக்கிழமை நம்ம பிள்ளைங்களக் கொண்டுபோற கண்ணு இது. ஊருக்குக் காட்டுங்க!"

ஸிவெர்ட் அட்டையை மூக்குக்கு முன் பிடித்தான். தொண்டையைச் செருமினான். வானத்தையும் பூமியையும் படைத்தவரில் தொடங்கி, நித்திய ஜீவன்வரை, ஆற்றொழுக்காக வாசித்து முடித்தான். குரல்கூடத் தழுதழுத்தது.

"ஒரு எழுத்துப் பிசகல!" தங்க்ரெட் அட்டையை வாங்கித் தன் கண்ணருகே வைத்தார். "பாருங்க, கடைசி வரி எவ்வளவு பொடி எழுத்து! நானே சேர்ந்து வாசிக்கிறேன்." வாசித்தார். ஆமென் என்றார். கூட்டமும் ஆமென் என்றது.

யோருன் எழுந்தாள். "சகோதரரே, அந்த அட்டையக் கொஞ்சம் பெத்ராகிட்டக் குடுங்க. அவதான் ஊசியில நூல் கோக்குறவளாச்சே."

பெத்ரா பெருமையோடு வாங்கினாள். பார்த்தாள். அட்டையைத் தள்ளிப் பிடித்தாள். கிட்டப் பிடித்தாள். ஒப்பிக்க வாயைத் திறந்தாள். பிறகு, முகம் சிவக்க, பாவாடைப் பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"பழைய... பழைய மரப்படகு விற்பனைக்கு," என்று வாசித்தாள். "இயந்திரம் நல்ல நிலை. அடியில் சிறு ஓட்டை. நேரில் வரவும்." நிமிர்ந்தாள். "ஐயையோ, கீழ யாரோ ஆட்டுக்கடா வேணும்னு கேட்டிருக்காங்க."

அடுப்புப் பக்கம் யாரோ சிரித்தார். அதோடு கூடம் வெடித்தது.

"சாத்தான்!" என்று கத்தினார் தங்க்ரெட். "சாத்தான் எழுத்த மாத்திட்டான்!"

"சாத்தான் ஏன் கோந்துக்கு அலையணும்? நான்தான் மாத்தினேன்," என்றாள் யோருன். "அது கெடக்கட்டும். இப்ப நீங்களும் வாசிச்சீங்களே, மாத்தினது உங்களுக்கு ஏன் தெரியல?"

தங்க்ரெட் கதவுப் பக்கம் பார்த்தார். முன்வரிசையில் ஒரு தாய் எழுந்து ஸிவெர்ட்டைப் பார்த்தாள். "என் ரெண்டு பொண்ணையும் உன் படகுல ஏத்துறதா இருந்தேனே, ஸிவெர்ட்," என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். சிரித்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் அடங்கிப்போனார்கள். ஸிவெர்ட் மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டான்.

பிறகு ஊரே மீன்பெட்டியைக் கவிழ்த்தது. அவசரத்தில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு, அடுத்தவர் கண்ணாடியில் ஒருவரையொருவர் முட்டிக்கொண்டார்கள். ஸிவெர்ட்டின் கண்ணாடி யாருடைய பூட்ஸ் காலிலோ நொறுங்கியது. தங்க்ரெட் இந்தக் கலாட்டாவில் நழுவிவிட்டார். படகுத்துறைச் சுவரில் ஒட்டியிருந்த கால அட்டவணையின் முன்னால் முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருந்தாராம். கடைசிப் படகு எப்போது என்று அவருக்கு யாரும் படித்துச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை தபால் படகு கிளம்பவில்லை. "கண்ணு சரியில்லாம நான் ஓட்ட மாட்டேன்," என்று ஸிவெர்ட்டே பள்ளிக்குத் தொலைபேசியில் சொன்னான். வேறொருவர் படகில் பயணியாக உட்கார்ந்து, பக்கத்தில் யோருனோடு, நகரத்துக்குப் பரிசோதனைக்குப் போனான்.

அதே கண் பரிசோதகர்தான். மூக்கில் சட்டத்தை வைத்து, கிட்டப் படிக்கும் அட்டையைக் கையில் கொடுத்தார். ஸிவெர்ட் ஒரு நொடி பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"இது வேணாம் ஐயா. வசந்தத்துல குடுத்த அதே அட்டை, எனக்கு மனப்பாடம். வேற குடுங்க."

பரிசோதகர் சிரித்துக்கொண்டே வேறு அட்டையைத் தேடினார். யோருன் ஜன்னல் பக்கம் திரும்பித் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைக்க நெடுநேரம் ஆயிற்று.

உங்கள் ஊருக்கும் ஒரு சகோதரர் வருவார். வந்திருக்கவும் கூடும். கைதட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. தட்டுவதற்கு முன்னால் அட்டையை மட்டும் ஒருமுறை மாற்றிப் பாருங்கள்.