பாதி கால், பாதி மோட்டார்

மீட்டர் காட்டினால்தான் தனக்குப் பசிக்கிறது என்று நம்பும் மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் கீரனூரில் இருக்கிறார். தினம் என் சைக்கிள் கடைக்கு வருகிறார்.

பெயர் தெரியாது. எல்லோருக்கும் ரீடிங் சார். வேலையில் இருந்தவரை வீடு வீடாகப் போய்க் கரண்டு மீட்டர் பார்த்து எழுதியவர். மாமியார் வீட்டிலும் உள்ளதைத்தான் எழுதினார். அப்புறம் மூன்று வருஷம், அந்த வீட்டில் அவர் வந்து உட்கார்ந்தால் ஃபேனை நிறுத்திவிடுவார்கள்.

என் கடைக்கு வந்த முதல் நாளே காற்றடிக்கும் மிஷினைப் பார்த்தார்.

“தம்பி, ஒங்க முள்ளு ரெண்டு கூடக் காட்டுது.”

பார்த்தேன். காட்டியது. அன்றிலிருந்து எனக்கு அவரைக் கண்டால் கொஞ்சம் பயம்.

போன வருஷம் அவர் மகன் பேட்டரி சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். ஹேண்டில் பாரில் தீப்பெட்டி மாதிரி ஒரு கம்ப்யூட்டர். மோட்டாரில் இருக்கும் சென்சார் ஒயர் இல்லாமலே அதற்குச் சேதி சொல்லும். மேலே ஒரு எண். அது கால் மிதிக்கும் பலம். கீழே ஒரு எண். அது மோட்டார் தள்ளும் பலம்.

சாருக்கு முட்டியில் தேய்மானம். திருச்சி டாக்டர் பாதிக்குப் பாதி காலால் மிதிக்கணும் என்று சொல்லியிருந்தார். அவர் வீட்டம்மா பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவர். தினம் இரண்டு எண்ணையும் நோட்டில் எழுதிக் காட்டச் சொல்லிவிட்டார்.

கடைக்குள் எண் அழகாக வந்தது. ரோட்டில் இறங்கினால் எண் போய்க் கோடு வந்தது. நோட்டு முழுக்கக் கோடு.

“இன்னும் ஒரு வாரந்தான் தம்பி. அதுக்குள்ள ரீடிங் வரலேன்னா சைக்கிள் கந்தர்வக்கோட்டையில இருக்கிற எங்க மாப்பிள்ளைக்காம், வீட்டம்மா சொல்லிட்டாங்க. அப்புறம் நான் வீட்டு கேட்டோட நிக்க வேண்டியதுதான்.”



அவரே வைத்தியம் பார்த்தார். எர்த் சரியில்லை என்று பின்பக்கம் இரும்புச் சங்கிலி கட்டித் தரையில் இழுத்துக்கொண்டு போனார். எண் வரவில்லை. நாய்கள் வந்தன. ஏழு நாய். அவரே எண்ணிச் சொன்னார்.

சங்கிலியைக் கழற்றினேன். சென்சாரைத் துடைத்தேன். ஸ்டாண்டில் ஏற்றி பெடலைச் சுற்றினேன். எண் வந்தது.

“ஒங்க கடையில மட்டும் எப்படிப்பா வருது?”

“தெரியலை சார்.”

சாருக்கு ஒரு பழக்கம். எந்த மீட்டரைத் தொடுவதற்கு முன்னாலும் செல், வாட்ச், சாவி எல்லாவற்றையும் கழற்றித் தூரத்தில் வைத்துவிடுவார். கரண்டு வேலையில் வந்த பழக்கம். என் கடைக்கு வந்தால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் சேகர் டீக்கடையில் கொடுத்துவிட்டுத்தான் வருவார்.

அன்றைக்கும் அப்படித்தான். சைக்கிள் ஸ்டாண்டில் நின்றது. சேகர் ரோட்டைத் தாண்டி ஓடி வந்தார். கையில் சாருடைய செல் அடித்துக்கொண்டிருந்தது.

“சார், டீச்சரு! நாலாவது தடவை அடிக்கிறாங்க. நான் எடுத்தா என்னையத் திட்டுவாங்க.”

சார் பேசினார். நான் சைக்கிளை அணைத்து மறுபடி போட்டேன். கோடு வந்தது.

செல்லைப் பார்த்தேன். கோட்டைப் பார்த்தேன்.

“சேகரு, அதை அங்கிட்டுக் கொண்டு போங்க.”

கொண்டு போனார். அணைத்துப் போட்டேன். எண் வந்தது. “கொண்டாங்க” என்றேன். போட்டேன். கோடு. மூன்று தடவை சேகர் அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தார்.

“யோவ், அடுப்புல பாலு கெடக்குய்யா!”

செல்லை வாங்கிப் பார்த்தேன். சைக்கிளுக்கான ஆப்பை மகன் அதில் ஏற்றியிருந்தார். மோட்டார் ஒரு நேரத்தில் ஒருவரிடம்தான் பேசும். சார் ரோட்டில் போகும்போது சட்டைப் பையில் இருந்த செல்லிடம் பேசிக்கொண்டே போயிருக்கிறது. ஆப்பை எடுத்துவிட்டேன்.

சார் குளத்தூர் ரோட்டில் ஒரு சுற்றுப் போய் வந்தார். வழி முழுக்க எண் நின்றது. ஆனால் முகம் சரியில்லை. கால் நாற்பது. மோட்டார் நூற்று அறுபது.

“மாத்தி எழுதிக்கங்க சார். யாருக்குத் தெரியப்போவுது?”

“மாமியாருக்கே மாத்தி எழுதலை தம்பி.”

உள்ளதை எழுதினார். பேனாவை மூடவில்லை, டீச்சர் ஆட்டோவில் வந்து இறங்கினார். மூன்று தடவை செல்லை எடுக்காத கோபம். நோட்டை வாங்கிப் பார்த்தார்.

“ஏங்க, அப்ப இத்தனை நாளும் சும்மா ஒக்காந்துதான் போயிருக்கீங்க.”

“ஆமா.”

“கால் நூறு, மோட்டார் நூறுன்னு பொய்யா எழுதியிருந்தீங்கன்னா இந்நேரம் வண்டி கந்தர்வக்கோட்டைக்குப் போயிருக்கும்.” என் பக்கம் திரும்பினார். “மோட்டாரை எவ்வளவு கொறைக்க முடியுமோ கொறைச்சு வைங்க.”

குறைத்தேன். சைக்கிள் அவரிடமே இருக்கிறது.

இப்போது இரண்டு எண்ணும் கிட்டத்தட்ட சமம். ஆனால் வேகம் போய்விட்டது. ஏழு மணிக்கு வந்தவர் ஏழே முக்காலுக்கு வருகிறார். வந்ததும் நோட்டை நீட்டுவார். பார்த்துத் தலையாட்டுவேன். அவ்வளவுதான் பேச்சு.

சேகர் ஏழு மணிக்கே டீ போட்டு என்னைக் கூப்பிடுகிறார். முக்கால் மணி நேரம் கழித்துப் போடுங்க, இரண்டாகப் போடுங்க என்று சொல்லிவைத்திருக்கிறேன்.