பத்து போல்ட்டும் என் ஞாயிற்றுக்கிழமையும்

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுக்குப் போவதில்லை என்று நான் முடிவெடுத்தேன். பதினாறு வருட மணவாழ்க்கையில் நானாக எடுத்த முதல் முடிவு!

காரணம் கால்பந்து. மதியம் மூன்று மணிக்கு எங்கள் துறைமுக ஊரான பிசெர்த் நகரமே காபிக் கடை டிவி முன்னால் நிற்கும். நான் மட்டும் மாமியார் ஊரான கெஃப்புக்கு மலையேறி, மைத்துனியின் நிச்சயதார்த்தத்தில் உட்கார்ந்து, தெரியாதவர்களைப் பார்த்துப் பல்லிளிக்க வேண்டுமா?

கார் கை கொடுத்தது. என்னைவிட இரண்டே வயது இளைய பிரெஞ்சு டீசல் கார். போன மாதம்தான் எஞ்சின் ஹெட்டை, அதாவது அதன் தலைப்பகுதியை, கழற்றிப் புது கேஸ்கெட் போட்டோம். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் ஹெட் போல்ட்டுகளை மறுபடி முறுக்கியாக வேண்டும். அந்த ஆயிரம், சனிக்கிழமை சாயங்காலம் மிகச் சரியாக முடிந்தது. முடியவைத்தேன். துறைமுகத்தை வேலையில்லாமல் ஒன்பது சுற்று சுற்றினேன்.

"ரவ்தா, நாளைக்கு கார் நகராது" என்றேன் மனைவியிடம், சாப்பாட்டின்போது. "ஹெட் போல்ட் எல்லாம் தளர்ந்திருக்கும்."

"மறை கழண்டுருச்சுங்கிறீங்க."

"ஆமா."

"எஞ்சினுக்குத்தானே?"

தட்டில் பத்து ஆலிவ் காய்களை இரண்டு வரிசையாக அடுக்கினேன். எனக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு போனது.

"இதான் ஹெட். எஞ்சின் ஜில்லுனு ஆறியிருக்கணும். நடுவுல ஆரம்பிச்சு, நத்தை ஓடு மாதிரி சுத்திச் சுத்தி வெளியே வரணும். ஒவ்வொண்ணா கொஞ்சம் தளர்த்தி, திரும்ப முறுக்கணும். போதுமான அளவு முறுகி ரெஞ்ச் 'டிக்'னு சொன்னா கையை எடுத்துடணும்."

நான் தொட்டுச் சொன்ன ஒவ்வொரு 'டிக்'குக்கும் ஒரு ஆலிவை வாயில் போட்டுக்கொண்டாள் ரவ்தா. வரிசை தப்பவில்லை.

"ஒரு போல்ட்டுக்கு எவ்வளவு நேரம்?"

"முக்கால் மணி."

"பத்துக்கு ஏழரை மணி நேரமா! என் தங்கச்சிக்கு நிச்சயமே முடிஞ்சு, புள்ளையும் பொறந்துடுமே."

"நீ வேணா ஷேர் டாக்சில போயிட்டு வா. வீட்டுக்குத் தலைன்னு ஒருத்தன் இருக்கிற மாதிரி எஞ்சினுக்கும் தலை இருக்கு. அதை அம்போனு விட்டுட முடியாது."

"சரிங்க" என்றாள்.

அவ்வளவுதான். 'சரிங்க'! பதினாறு வருடத்தில் கேட்காத வார்த்தை. அதைக் கேட்டதும் நான் சுதாரித்திருக்க வேண்டும். ஆனந்தமாகத் தூங்கிவிட்டேன்.

காலை ஒன்பது மணி. எதிர்வீட்டு ஷாதுலி காபிக் கோப்பையோடு வந்து நின்றான். அந்த 'டிக்' சொல்லும் டார்க் ரெஞ்ச் அவனுடையது. முந்தின நாளே வாங்கி வைத்திருந்தேன். பானட்டைத் தூக்கி, எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றினேன். வெண்ணெய் மாதிரி வந்தது.

"கை ராசி அண்ணே உங்களுக்கு" என்றான் ஷாதுலி.

தளர்த்துவதற்கு முன்னால், எவ்வளவு தளர்ந்திருக்கிறது பார்ப்போமே என்று நடு போல்ட்டில் ரெஞ்சை மாட்டி முறுக்கினேன்.

டிக்!

போல்ட் இம்மியும் நகரவில்லை. அடுத்தது. டிக்! அதற்கடுத்தது. டிக்! பத்தும் டிக்!

"ஷாதுலி! பார்த்தியா! ஆயிரம் கிலோமீட்டர் ஓடியும் ஒண்ணுகூடத் தளரலை! இது காரா, கோட்டையாடா!" சந்தோஷத்தில் அவனைக் கட்டிப் பிடித்தேன். காபி என் சட்டையில் கொட்டியது.

"எப்படிங்க தளரும்?" வாசலில் ரவ்தா நின்றாள். பட்டு உடை, மூக்குக் கண்ணாடி, விரல் நகத்தில் மட்டும் கொஞ்சம் கறுப்பு. "அஞ்சு மணிக்கே முறுக்கிட்டேன். நத்தை ஓடு மாதிரி."

"நீயா? தளர்த்தி முறுக்கினியா?"

"தளர்த்தித்தான். ஒண்ணுக்கு ரெண்டு நிமிஷம் ஆச்சு. முக்கால் மணி எதுக்குன்னு கடைசி வரைக்கும் புரியலை. நடுவுல ஏதாவது தூங்கணுமா?"

ஷாதுலி தன் ரெஞ்சை மெதுவாக வாங்கிக்கொண்டு இடத்தைக் காலி செய்யப் பார்த்தான்.

"ஷாதுலித் தம்பி, அது சாயங்காலம் வரைக்கும் வேணும். வண்டியில வச்சிடுங்க" என்றாள் ரவ்தா.

"சாயங்காலம் எதுக்கு?" என்றேன்.

"வழியில எதுனா தளர்ந்தா? சட்டையை மாத்திட்டு ஏறுங்க. அந்தப் பக்கம் இல்லை, இந்தப் பக்கம். போல்ட்டு முறுக்கினவ ஓட்டறதுதான் நியாயம்."

அவள் லைசென்ஸ் வாங்கி ஆறு வருஷம். சாவியை நான் ஒரு நாளும் கொடுத்ததில்லை. அன்று சாவியை நான் கொடுக்கவும் இல்லை. அது அவள் கையில்தான் இருந்தது. மலைப்பாதையில் அவள் கியர் மாற்றிய லாகவத்தில், மடியில் பலகாரப் பெட்டியை வைத்துக்கொண்டு நான் வாய் பிளந்தேன். எஞ்சின் என்னிடம் ஒரு நாளும் இப்படிப் பாடியதில்லை, துரோகி.

கெஃப் வந்தது. மாமியார் வீட்டு வாசலில் நான்கு ஓட்டைக் கார்கள் பானட்டைத் திறந்துகொண்டு வரிசையாக நின்றன. போல்ட் முறுக்கியதைப் பற்றிக் காலையில் ரவ்தா போனில் சொன்னதை மாமியார் தெரு முழுக்கச் சொல்லிவிட்டிருந்தார்.

ரவ்தா உடையின் கையை மடித்துவிட்டு இறங்கினாள். நான் ரெஞ்சைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். முதல் காரின் சொந்தக்காரர், சிவப்புக் குல்லா வைத்த கிழவர், என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரும்மா இது, உன் கையாளா?"

"ஆமா மாமா" என்றாள். "புதுசு. இனிமேதான் தொழில் கத்துக் குடுக்கணும்."