கற்கண்டுத் தட்டில் சர்வர்

கல்யாண வீட்டில் இருநூறு இலை போட்டுவிட்டு, பரிமாற ஒரே ஓர் ஆளை மட்டும் நிறுத்தினால் என்ன ஆகும் என்று யோசித்திருக்கிறீர்களா?

யோசிக்கவே வேண்டாம். 1998-இல் கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்தில், பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் இருந்த அழகிரிசாமியின் சாஃப்ட்வேர் கம்பெனிக்குக் காலையில் போயிருந்தால் கண்ணாலேயே பார்த்திருக்கலாம். இருபத்தாறு பேர் இருபத்தாறு கம்ப்யூட்டர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மூலை அறையில் ஒற்றை சர்வர் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்.

அந்த சர்வரில்தான் கம்பெனியின் சொத்து முழுவதும் இருந்தது. மில்களுக்கான கணக்கு சாஃப்ட்வேர். அதில் யார் எந்த வரியை எப்போது மாற்றினார்கள் என்பதைக்கூட அது ஞாபகம் வைத்திருக்கும். ஞாபகம் வைப்பதில் குறையில்லை. தூக்கிக் கொடுப்பதில்தான் தகராறு.

காரணம் அழகிரிசாமி. அவர் அடிப்படையில் நூல் மில் முதலாளி. மில்லில் ஷிஃப்ட் தொடங்கும் முன்னால் மிஷினில் ஒட்டியிருக்கும் பழைய பஞ்சைத் துடைத்துவிட்டுத்தான் புதுப் பஞ்சைப் போடுவார்கள். அந்த வழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்துவிட்டார். காலையில் வந்ததும் எல்லோரும் நேற்று எடுத்த காப்பியை அழித்துவிட வேண்டும். சர்வரிலிருந்து மொத்தத்தையும் புதிதாக எடுக்க வேண்டும்.

"இந்த ரூலைக் கொஞ்சம் மாத்தலாமுங்களா?" என்று சர்வரைப் பார்த்துக்கொள்ளும் கதிர் ஒருநாள் கேட்டான்.

"மாத்தலாமுங்க. அப்படியே மில்லையும் மூடிப்போட்டு வந்தர்றேன். இருபது வருஷமா மில்லு அப்படித்தானுங்க ஓடுது."

அதோடு விடவில்லை அழகிரிசாமி.

"அடுத்த மாசம் இன்னும் பதினஞ்சு பேரு சேர்றாங்க கதிர். அதுக்குள்ள இதைச் சரி பண்ணிப்போடுங்க. இல்லீன்னா பெங்களூர்க்காரங்க பெரிய சர்வரோட ஆளையும் சேத்தே அனுப்பறேங்கறாங்க. நீங்க கோபிக்கே போயி நிம்மதியா இருந்துக்கலாமுங்க."

வேலையை விட்டுத் தூக்குவதைக்கூட இவ்வளவு மரியாதையாக அவரால்தான் சொல்ல முடியும். கோபிசெட்டிபாளையத்தில் கதிரின் அப்பா அந்த நாளுக்காகத்தான் காத்திருந்தார். தோட்டத்தில் மகன் நடுவதற்கு வாழைக்கன்றுகூடச் சொல்லி வைத்திருந்தார்.

கதிர் முதலில் எளிய வழியைப் பார்த்தான்.

"எல்லாரும் ஒரே நேரத்துல எடுக்காதீங்க. ஒருத்தர் எடுத்து முடிச்சப்பறம் அடுத்தவங்க எடுங்க."

அங்கே வேறு ஊர் ஆட்கள் இருந்திருந்தால் அது நடந்திருக்கும்.

"நீங்க எடுங்க ஹர்ஷிணி."

"அய்யோ, நீங்க சீனியருங்க. நீங்க எடுங்க."

"பரவால்லீங்க. நேத்து நாந்தானுங்க மொதல்ல எடுத்தேன்."

பத்தேகால் மணி வரை ஒருவரும் எடுக்கவில்லை. பத்தேகாலுக்கு அழகிரிசாமி படியேறி வரும் சத்தம் கேட்டது. இருபத்தாறு பேரும் ஒரே சமயத்தில் எடுத்தார்கள். சர்வர் 'கிர்ர்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டது.

அடுத்து, மூலையில் கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து எடுத்து, மொத்தத்தையும் அதில் ஒரு காப்பி போட்டு வைத்தான். பாதிப் பேர் இங்கே எடுக்கட்டும், பாதிப் பேர் அங்கே எடுக்கட்டும் என்பது திட்டம். மறுநாள் இரண்டுமே நகரவில்லை.

"கொடம் ரெண்டு வெச்சீங்க, கொழாய் ஒண்ணுதானுங்களே இருக்குது," என்றாள் ஹர்ஷிணி, சுவரோரம் ஓடும் ஒற்றை வயரைக் காட்டி. அவள் சாஃப்ட்வேர் எழுதுகிறவள். சிரித்துக்கொண்டே சொல்வாள், வலிக்கும்.

அன்று மதியம் தயிர்சாதம் சாப்பிடும்போதுதான் கதிருக்குப் பொறி தட்டியது. சர்வர் செய்வது இரண்டு வேலை. நேற்று வரைக்கும் உள்ள மூட்டையைத் தூக்கிக் கொடுப்பது ஒன்று. இன்றைக்கு என்ன மாறியது என்று சொல்வது இன்னொன்று. மூட்டை தூக்குவதில்தான் அதன் முதுகு உடைகிறது. அந்த மூட்டையை வேறு யாராவது தூக்கிவிட்டால்?

மகள் கல்யாணப் போட்டோக்களைப் பத்திரப்படுத்த அழகிரிசாமி ஒரு சிடி ரைட்டர் வாங்கி வைத்திருந்தார். கதிர் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அதன் முன்னால் உட்கார்ந்தான். மொத்த மூட்டையையும் ஒரு சிடியில் அடக்கி, ஆளுக்கு ஒன்று எழுதினான்.

திங்கட்கிழமை காலை அறிவித்தான். "வாரா வாரம் புது சிடி வரும். நேத்து காப்பியை அழிச்சுப்போட்டு, இந்த சிடியிலிருந்து மொத்தத்தையும் எடுத்துக்கங்க. சிடிக்கு அப்பறம் மாறுனதை மட்டும் சர்வர்கிட்ட கேளுங்க."

ஒரு கிளாஸ் டீ ஆறுவதற்குள் எல்லோரும் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். சர்வர் அறையில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. அழகிரிசாமி எட்டிப் பார்த்தார்.

"செத்துப்போச்சுங்களா?"

"இல்லீங்க. சும்மா இருக்குது."

"சும்மாவா!" என்று அதைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். கதிர் அப்பாவுக்கு போன் போட்டு, வாழைக்கன்றை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னான்.

சிடிகளை விநியோகிக்கும் பொறுப்பு வரவேற்பில் இருந்த சாஜிதா பேகத்தினுடையது. மேஜை மேல் ஒரு வெள்ளித் தட்டு எப்போதும் இருக்கும். சந்தனம், கற்கண்டு. வருகிறவர்களுக்கு நீட்ட வேண்டும் என்பது அழகிரிசாமியின் உத்தரவு. சாஜிதா சிடிகளையும் அதிலேயே அழகாக விசிறி மாதிரி அடுக்கி வைத்தாள். ஆபீஸ் ஆட்கள் போகிற போக்கில் ஒரு கற்கண்டு, ஒரு சிடி எடுத்துக்கொண்டு போனார்கள். காப்பி எடுத்ததும் சிடியைத் தட்டிலேயே திருப்பி வைத்துவிடுவார்கள்.

மூன்றாவது வாரம் ஒரு சிடி குறைந்தது.

"காங்கயத்துக்காரர் எடுத்துட்டுப் போனாருங்க," என்றாள் சாஜிதா.

"எந்தக் காங்கயத்துக்காரர்?"

"சென்னியப்பனுங்க. தேங்காயெண்ணெய் மில்லு வெச்சிருக்காரே, சாஃப்ட்வேர் வாங்கலாமான்னு பாக்க வந்துட்டு இருக்காருங்களே. தட்டை நீட்டுனேன். கல்கண்டை எடுப்பாருன்னு பாத்தேன். சிடியையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. 'பளபளன்னு நல்லா இருக்குதுங்க அம்மணி'ன்னு சொல்லிப் பைக்குள்ள வெச்சுக்கிட்டாரு."

"வேண்டாம்னு சொல்லலையா?"

"தட்டை நீட்டிப்போட்டு எடுக்காதீங்கன்னு எப்படிங்க சொல்றது?"

கதிராலும் அப்படிச் சொல்லியிருக்க முடியாது.

அன்றே ஓர் அட்டையில் 'அலுவலகத்தாருக்கு மட்டும்' என்று எழுதித் தட்டின் முன்னால் வைத்தான். வியாழக்கிழமை சென்னியப்பன் மறுபடியும் வந்தார். அப்போது அட்டை சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

"அவரு மனசு நோகுமுங்களே," என்றாள் சாஜிதா. "இன்னைக்கு ரெண்டு எடுத்தாரு."

கதிர் கணக்குப் போட்டுப் பார்த்தான். கம்பெனி விற்பதே அந்த ஒரு சரக்கைத்தான். அது முழுசாகக் காங்கயம் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறது. அந்த ஆள் இன்னும் ஒரு பைசா அட்வான்ஸ் கொடுக்கவில்லை. எவன் கண்டது, வேறு கம்பெனிக்காரன் அனுப்பிய ஆளாகக்கூட இருக்கலாம்.

அடுத்த வார சிடிக்குப் பாஸ்வேர்ட் போட்டான். போட்டவன் யாரிடமும் சொல்ல மறந்துவிட்டான். திங்கட்கிழமை காலை ஒருவருக்கும் சிடி திறக்கவில்லை. இருபத்தாறு பேரும் பழைய வழக்கப்படி சர்வரிடமே மொத்தத்தையும் கேட்டார்கள். சர்வர் படுத்துக்கொண்டது. கதிர் அவசரமாக சாஜிதாவிடம் பாஸ்வேர்டைச் சொல்லி, "எல்லார்கிட்டயும் சொல்லிருங்க" என்று கத்திவிட்டு சர்வரை எழுப்ப ஓடினான்.

சாயங்காலம் சாஜிதா நல்ல செய்தி சொல்வது போலச் சொன்னாள்.

"இனிமே யாரும் மறக்க மாட்டாங்க. ஒவ்வொரு சிடி மேலயும் ஸ்கெட்ச் பேனாவுல பாஸ்வேர்டை எழுதிப்போட்டேன்."

"சாஜிதா... காங்கயத்துக்காரர் இன்னைக்கு வந்தாரா?"

"வந்தாருங்க. ரெண்டு."

இரண்டு நாள் கழித்து அழகிரிசாமி கதிரைக் கூப்பிட்டார். முகத்தில் குழப்பம்.

"சென்னியப்பன் போன் பண்ணாருங்க. 'உங்க சரக்கு அருமைங்க. இந்தப் பத்து நாளாத்தான் நான் நிம்மதியா இருக்கேன். பக்கத்து மில்லுக்காரருக்கும் ரெண்டு குடுத்தேன், அவரும் ஓகோன்னு சொல்றாரு'ங்கறார். நாம இன்னும் அவருக்கு ஒண்ணுமே குடுக்கலையேங்க?"

கதிர் எல்லாவற்றையும் சொன்னான்.

"ஏனுங்க கதிர். ஆறு வருஷ ஒழைப்பைக் கல்கண்டோட சேத்துக் குடுத்துப்போட்டீங்களே!"

"நான் குடுக்கலீங்க. தட்டு..."

"வண்டியில ஏறுங்க."

மாருதி கார் பல்லடத்தைத் தாண்டியது. தாண்டியதும் அழகிரிசாமி சொன்னார்: "கோபிக்கு இந்தப் பக்கம் வண்டி திரும்பாது. இல்லீன்னா அப்படியே உங்களை உட்டுட்டு வந்திருப்பேன்." கதிருக்கு, அப்பா வாழைக்கன்றை நிஜமாகவே கொடுத்துவிட்டிருப்பாரா என்ற கவலை வேறு.

சென்னியப்பனின் எண்ணெய் மில் காங்கயத்துக்கு வெளியே இருந்தது. மில்லுக்கு முன்னால் பெரிய சிமெண்டுக் களம். களம் நிறைய உடைத்த தேங்காய் காய்ந்துகொண்டிருந்தது. காரை விட்டு இறங்கிய அழகிரிசாமி கண்ணை மூடிக்கொண்டார். எங்கிருந்தோ ஒரு வெளிச்சம் முகத்தில் அடித்தது.

களத்தின் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. கயிற்றில் சிடிகள் தொங்கின. காற்றில் சுற்றிச் சுற்றி மினுங்கின. தூரத்து வேப்பமரத்தில் காக்கைகள் வரிசையாக உட்கார்ந்து, இறங்கலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தன.

"வாங்க வாங்க!" என்று சென்னியப்பன் ஓடிவந்தார். "சொல்லியிருந்தா எளநி வெட்டி வெச்சிருப்பேனே."

அழகிரிசாமியின் கை கயிற்றைக் காட்டியது. "இது..."

"ஒரு காக்கா எறங்கறதில்லீங்க. முன்னயெல்லாம் நாளைக்கு ஒரு கூடை தேங்காப்பருப்பு போயிரும். அங்க பாருங்க, பக்கத்து மில்லுக்காரரு களத்துலயும் ரெண்டு ஆடுது."

"கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்கலீங்களா?" என்று கதிர் மெதுவாகக் கேட்டான்.

"கம்ப்யூட்டருங்களா? அது எங்கிட்ட எங்க தம்பி இருக்குது?"

ஒரு சிடி சுற்றி நின்றது. அதன் மேல் சாஜிதாவின் முத்து முத்தான கையெழுத்து. அழகிரிசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"பாஸ்வேர்ட், சிடுமூஞ்சி." கதிர் பக்கம் திரும்பினார். "இது யாருங்க?"

"சர்வருங்க," என்றான் கதிர்.

களத்தில் தேங்காயைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த சென்னியப்பனின் மனைவி பாவாத்தாள் நிமிர்ந்தாள். "ஏனுங்க, ஒரு பக்கம் மட்டுந்தானுங்க மினுங்குது. ரெண்டு பக்கமும் மினுங்கறாப்புல வராதுங்களா?"

"ஆபீஸ் அம்மணிகிட்டக் கேட்டேன். வாரா வாரம் புதுசு போடறாங்களாம்," என்றார் சென்னியப்பன். "நீங்க தப்பா நெனைக்கப்படாது. சும்மா சும்மா தட்டுல எடுக்கறதுக்கு எனக்கே கூச்சமா இருக்குது. வாரா வாரம் வரோணும்னா நான் என்ன பண்ணோணுமுங்க?"

அழகிரிசாமி காக்கைகளைப் பார்த்தார். சிடிகளைப் பார்த்தார். இருபது வருஷமாக வியாபாரம் செய்கிற முகம் அவருக்குத் திரும்ப வந்தது.

"சாஃப்ட்வேர் வாங்கறவங்களுக்குத்தானுங்க சிடி," என்றார்.

பழைய சிடிகளை அவிழ்த்து வாங்கிக்கொண்டு, அடுத்த பஸ்ஸிலேயே வெறும் சிடிகளை அனுப்பிவைப்பதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். வழியில் கதிர் தயங்கித் தயங்கிக் கேட்டான். "அந்த பெங்களூர்க்காரங்க..."

"சர்வர் இப்ப என்ன பண்ணுதுங்க?"

"சும்மா இருக்குதுங்க."

"அப்பறம் எதுக்குங்க பெங்களூரு?"

மறுநாள் காலை சென்னியப்பன் ஆர்.எஸ்.புரத்துக்கு வந்து ஆர்டரில் கையெழுத்துப் போட்டார். கம்ப்யூட்டர் மட்டும் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.