‘வருக வருக’க்காரர்

பறவைகளைப் படம் பிடிப்பவர்கள் உண்டு. பூக்களைப் படம் பிடிப்பவர்கள் உண்டு. இலைமேல் பனித்துளி வேண்டும் என்பதற்காகச் சட்டைப் பைக்குள் தண்ணீர்த் தெளிப்பான் வைத்துக்கொண்டு திரிகிறவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் இன்று உங்களுக்குக் காட்டப்போகிற பிராணி எதையும் படம் பிடிப்பதில்லை, அது வரவேற்கும். இணையத்தில் ஏதாவது ஒரு புகைப்பட ஆர்வலர் குழுவின் கதவைத் தட்டிப் பாருங்கள், நீங்கள் கையை எடுப்பதற்குள் கதவு திறந்து, இரண்டு கூப்பிய கைகளும் மூன்று ரோஜாப்பூக்களும் ஒரு கேமராப் பொம்மையுமாக உங்கள்மேல் வந்து விழும். விழுந்தது எதுவோ, அதுதான் நம்முடைய ‘வருக வருக’க்காரர்.

வருகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். “வணக்கம் நண்பர்களே, நான் வெறும் கற்றுக்குட்டிதான்” என்று ஆரம்பிப்பார்கள். அதற்குப் பிறகு தன்னிடம் இருக்கும் கேமரா, அதற்கு முன்னால் இருந்த கேமரா, அதை ஏன் விற்றார், லென்ஸ்கள் என்னென்ன, பை எந்தக் கம்பெனி என்று கல்யாணச் சீர் மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, கடைசியில் “குறை இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள்” என்று முடிப்பார்கள். தாராளமாகச் சொல்லித்தான் பாருங்களேன்! கூடவே தன் படம் ஒன்றும் இருக்கும். அதில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் கேமராவைப் பிடித்திருப்பார். முகத்தை மறைத்துக்கொண்டு தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் வழக்கம், திருட்டுத் தொழிலைத் தவிர வேறு எங்கே இருக்கிறது?

நம்மவருக்கு அந்த முகமும் வேண்டாம், படமும் வேண்டாம். புதியவர் ஒருவர் வந்துவிட்டார், அது போதும். வரவேற்புரை அவருடைய போனில் தயாராக இருக்கிறது. ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. “வருக வருக! எங்கள் ஒளிக் குடும்பத்தில் இணைந்த தங்களை மனமார வரவேற்கிறோம். இங்கே யாரும் குருவும் இல்லை, சீடரும் இல்லை, எல்லோரும் ஒரே குடும்பம். என்ன கேமரா வைத்திருக்கிறீர்கள்?” இந்தக் கடைசிக் கேள்விக்கான பதிலைப் புதியவர் மேலேயே ஒரு பக்கத்துக்கு எழுதியிருப்பார். படித்தால் அல்லவா தெரியும்? படித்துக்கொண்டிருந்தால் அதற்குள் இன்னொருவர் முந்திவிடுவாரே!

ஆமாம், போட்டி உண்டு. எல்லாக் குழுவிலும் குறைந்தது இரண்டு ‘வருக வருக’க்காரர்கள் இருப்பார்கள், அவர்களுக்குள் பேச்சுவார்த்தை சுமுகமாக இருக்காது. நான் எட்டிப்பார்க்கும் குழுவில் இரண்டாமவர் ஒரு பல் டாக்டர். நோயாளியை வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு அப்படியே திறந்தபடி உட்காரவைத்து, ஓரமாகப் போய் ஒரு வருக போட்டுவிட்டு வருகிறார் என்று கேள்வி.

முதலாமவரைப் பற்றி எனக்குக் கேள்விஞானம் தேவையில்லை. அவர் என் தங்கையின் கணவர். என் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை தங்கமான மனிதர், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் மேற்பார்வையாளர். ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு ஒருவர் உள்ளேயிருந்து போனில் அலறினால், “பதறாதீங்க சார், ஆள் வந்துட்டே இருக்காங்க” என்று இவர் சொல்லும் நிதானத்தைக் கேட்டால் மாட்டிக்கொண்டவருக்கே தூக்கம் வரும். அதே மனிதர், குழுவில் ஒரு புதுப் பெயர் மின்னினால் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து ஓடுவார். ஒருமுறை யாரோ தவறுதலாக அந்தக் குழுவில் பழைய வாஷிங் மெஷின் விற்பனைக்கு என்று போட்டுவிட்டார். இவர் போய் “வருக வருக, என்ன கேமரா?” என்று கேட்க, அவர் “முன்பக்கம் துணி போடற மாடல் சார்” என்று பதில் எழுதினார். இன்னொருவர் மனம் நொந்துபோய் இனிமேல் இந்தக் குழுவில் இருக்க மாட்டேன் என்று விடைபெற்றபோதும் முதல் வருக இவருடையதுதான்.

சரி, இவருடைய கேமரா எங்கே? இருக்கிறது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டிக்குள், ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களுக்கு நடுவில், மஞ்சள் துணி சுற்றி, பிறந்த குழந்தைக்குக்கூடக் கிடைக்காத பத்திரத்தில் உறங்குகிறது. லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும் என்று அவருக்குப் பயம். வெளியே எடுத்தால் தூசி, வெயிலில் வைத்தால் சூடு, மழை என்றால் கேட்கவே வேண்டாம். இப்படி எல்லா இயற்கைச் சக்திகளிடமிருந்தும் காப்பாற்றி வைத்திருக்கும் அந்தக் கேமராவுக்கு இந்த வருஷம் ஒரு வேலை வந்தது.

அவருடைய மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. ஒரே பெண், முதல் வேலை, தூரமான ஊர். என் தங்கை கேட்டது ஒன்றுதான். மூன்று பேரும் சேர்ந்து நிற்கிற மாதிரி ஒரு படம், அவள் கிளம்புவதற்கு முன்னால். பெண் சின்ன வயதில் ஸ்டுடியோவில் எடுத்த படத்துக்கு அப்புறம் மூவரும் ஒன்றாக இருக்கும் படமே அந்த வீட்டில் கிடையாது.

“எடுத்துடலாம்” என்றார் மாப்பிள்ளை. “ஆனா வெளிச்சம் சரியா அமையணும்.”

வெளிச்சம் அமைந்த அன்று சுவரின் நிறம் சரியில்லை. சுவருக்கு முன்னால் திரை கட்டிய அன்று என் தங்கை கட்டம் போட்ட துணி உடுத்தியிருந்தாள், கட்டம் படத்தில் அலை அலையாகத் தெரியுமாம். கட்டமில்லாததை உடுத்திய அன்று அவருக்கு ஒரு லென்ஸ்மேல் நம்பிக்கை போய்விட்டது. இதற்கிடையில் ஒளிக் குடும்பத்தில் புது உறுப்பினர்கள் வந்துகொண்டே இருந்தார்கள், சொந்தக் குடும்பம் கூடத்தில் தலைவாரிக்கொண்டு காத்திருந்தது. பெட்டி கட்டியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ரயில்.

சனிக்கிழமை மாலை நான் என் மருமகளை, அதுதான் தங்கை மகளை, வழியனுப்பப் போயிருந்தேன். மாப்பிள்ளை வழக்கமான இடத்தில், வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். “வாங்க மச்சான்” என்றார், திரும்பாமலே. எனக்கு வெறும் ‘வாங்க’தான். ஊர் பேர் தெரியாதவனுக்கு இரண்டு ‘வருக’வும் மூன்று ரோஜாவும்!

தங்கை என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள்.

“அண்ணா, அந்தக் குழுவுல எப்படிச் சேர்றது?”

“உனக்கு எதுக்கும்மா அது?”

“புதுசா வர்றவங்க எது கேட்டாலும் உடனே பதில் வருதாமே. நானும் புதுசா வர்றேன்.”

அவள் சிரிக்கவில்லை, கண் கொஞ்சம் கலங்கியிருந்தது. நான் மறுபேச்சில்லாமல் அவள் போனை வாங்கி, ‘புதுமுகம்’ என்ற பெயரில் சேர்த்துவிட்டேன். அவள் வாசல்படியில் போய் நின்று ஒரே ஒரு படம் எடுத்தாள். வந்து ஸ்டூலில் உட்கார்ந்து நிதானமாகத் தட்டினாள்: “வணக்கம். என்னிடம் போன் மட்டும்தான் இருக்கிறது. வீட்டில் ஒருவர் நல்ல கேமரா வைத்திருக்கிறார், ஆனால் எங்களை எடுக்க அவருக்கு நேரம் இல்லை. மகள் நாளை வெளியூர் போகிறாள். அதற்குள் குடும்பமாக ஒரு படம் எடுக்க வேண்டும். இது என் முதல் படம். குறை என்ன, சொல்லுங்கள்.”

மாப்பிள்ளையின் அறையில் நாற்காலி கிறீச்சிட்டது. வருக வருக வந்து விழுந்தது.

ஆனால் அன்றைக்கென்று பார்த்து மாப்பிள்ளை அதோடு நிறுத்தவில்லை. முதல்முறையாக ஒரு அறிமுகத்தை முழுக்கப் படித்தார். படித்ததும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “வீட்டில் கேமரா வைத்துக்கொண்டு மனைவி மகளை எடுக்காத ஆளெல்லாம் ஒரு கலைஞரா? அவரை நன்றாக நாலு வார்த்தை கேளுங்கள் சகோதரி” என்று எழுதினார். அப்புறம் படத்தைப் பற்றி விமர்சனம். “இடது ஓரத்தில் துணி காயும் ஸ்டாண்ட் கண்ணை உறுத்துகிறது. அதன் ஒரு கால் உடைந்திருக்கிறது, கயிறு கட்டி வைத்திருக்கிறீர்கள். வீட்டில் இருப்பவர்கள் சரிசெய்யக் கூடாதா? எல்லாவற்றையும்விடப் பெரிய குறை நடுவில் இருக்கும் முதுகு. பாதிப் படத்தை அதுவே அடைத்துக்கொண்டிருக்கிறது. அழகும் இல்லை, பொருளும் இல்லை. காலர் வேறு ஒரு பக்கம் மடங்கிக் கிடக்கிறது. அந்த ஆளை எழுப்பிவிட்டு எடுத்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.”

நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். புரையேறிவிட்டது.

நம்ப மாட்டீர்கள், தெரியும். சொந்த அறை, சொந்த நாற்காலி, சொந்த முதுகு! ஆனால் யோசித்துப் பாருங்கள், அவர் என்றைக்கு ஒரு படத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்திருக்கிறார்? சாய்ந்திருக்கிறதா, புள்ளி தட்டியிருக்கிறதா, ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறதா, இவ்வளவுதானே பார்ப்பது. அதற்குள் பல் டாக்டரும் வந்து, “மிகச் சரி. முதுகை உடனடியாக அகற்றவும்” என்று எழுதிவிட்டுப் போனார். இத்தனை வருஷத்தில் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

தங்கை எழுந்தாள். போனைக் கையில் பிடித்தபடி போய் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

“என்னங்க, எழுந்திருங்க.”

“இரும்மா. பாவம், ஒரு புது ஆளு வந்திருக்காங்க. வீட்டுக்காரன் சரியில்ல போல. நான் ரெண்டு வார்த்தை எடுத்துச் சொல்லிட்டு வந்துடறேன்.”

“எழுப்பிட்டு எடுக்கச் சொன்னீங்களே. எழுப்பறேன். எழுந்திருங்க.”

மாப்பிள்ளை திரையைப் பார்த்தார். திரும்பித் தங்கையைப் பார்த்தார். அவள் கையிலிருந்த போனைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். பிறகு அவருடைய வலது கை மெதுவாக மேலே போய், கழுத்துக்குப் பின்னால் காலரைத் தடவி, மடங்கியிருந்த பக்கத்தை நிமிர்த்திவிட்டது. உள் அறையிலிருந்து வந்த மருமகள் இதைப் பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்புதான் வந்திருக்க வேண்டும். ஆனால் அந்த மனிதரின் முகம் போன போக்கைப் பார்த்து நிஜமாகவே பாவமாகிவிட்டது.

“நாளைக்கேவா கிளம்பறே?” என்று மகளிடம் கேட்டார், புதுச் செய்தி மாதிரி.

“காலையில ரயில்ப்பா.”

அவர் கேமராப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மஞ்சள் துணியைப் பிரித்தார். பொட்டலங்களை எடுத்து வரிசையாக வைத்தார். பொத்தானை அழுத்தினார், கேமரா கண் திறக்கவில்லை. பாட்டரி எப்போதோ உயிரை விட்டிருந்தது. சார்ஜரைத் தேடி மேசை டிராயர்களை ஒவ்வொன்றாக இழுத்தார். ஜன்னலில் வெளிச்சம் இறங்கிக்கொண்டே வந்தது.

“அப்பா, விடுங்க. போன்லயே எடுத்துக்கலாம். மாமா எடுப்பாரு.”

நானா? வாழ்க்கையில் ஒழுங்காக ஒரு படம் எடுத்ததில்லை நான். எடுத்தேன். கிளிக் செய்கிற அந்த நிமிஷம்வரை மாப்பிள்ளை சும்மா இருக்கவில்லை. “மச்சான், கொஞ்சம் கீழ... சாயுது மச்சான், சாயுது... அந்த ஸ்டாண்டை...” அப்படியே படத்தில் விழுந்திருக்கிறார், வாய் திறந்தபடி, ஒரு கை என்னை அதட்டியபடி. இன்னொரு கை மட்டும் மகளின் தோளைப் பிடித்திருக்கிறது, சட்டை கசங்கும்படி இறுக்கமாக. அவள் சிரித்ததில் கண் மூடிவிட்டது. தங்கை போனைப் பார்க்கவே இல்லை, அவர்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பின்னால் கயிறு கட்டிய ஸ்டாண்டும் இருக்கிறது.

புதுமுகம் அந்தப் படத்தைக் குழுவில் போட்டது: “சொன்னபடியே எழுப்பிவிட்டேன். நன்றி.” கீழே மாப்பிள்ளை எழுதினார்: “சாய்ந்திருக்கிறது. பரவாயில்லை.” அவர் வாயிலிருந்து ‘பரவாயில்லை’ வாங்கிய படம் உலகத்தில் அது ஒன்றுதான். மறுநாள் ரயில் நகர்ந்து மறைந்த பிறகும் அவர் போனில் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில் குழுவுக்கு வந்த புது ஆளைப் பல் டாக்டர் போட்டியில்லாமல் வரவேற்றுக்கொண்டார்.

திருந்திவிட்டாரா என்றுதானே கேட்கிறீர்கள்? ஸ்டாண்டின் காலைச் சரிசெய்துவிட்டார். வருக வருக தொடர்கிறது. ஆனால் மேசையைத் திருப்பிப் போட்டுவிட்டார். இப்போது அவர் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார், முதுகு சுவர்ப்பக்கம். உள்ளே வருகிறவர்கள் கண்ணில் படுகிறார்களே என்றா, முதுகு யார் கண்ணிலும் படக்கூடாது என்றா, அது எனக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்தது வேறொன்று. நேற்று அதே குழுவில் இன்னொரு முதுகுப் படம் வந்திருக்கிறது, வேறு வீடு, வேறு நாற்காலி, யாரோ ஒருவர் குனிந்து எதையோ மும்முரமாகப் படித்துக்கொண்டிருக்கிறார். சட்டையை எங்கேயோ பார்த்த ஞாபகம். ஆகவே, இதைப் படித்து முடித்த சூட்டோடு ‘அருமை, வாழ்த்துகள்’ என்று எழுத விரலைக் கொண்டுபோகிறீர்களே, அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை பின்னால் திரும்பிப் பாருங்கள். அப்படியே காலரையும் கொஞ்சம் சரிசெய்துகொள்ளுங்கள்.