துளசிங்கம் படியமாட்டார்

பேரத்தில் தன்னை மடக்கும் ஆள் இந்த ஜி.எஸ்.டி. ரோட்டில் இல்லை என்பது துளசிங்கத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு. தாம்பரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கி, வாடகை சைக்கிளில் ஆள் ஏற்றிப்போய் மனை காட்டி, இன்றைக்குக் கூடுவாஞ்சேரி வரை தரகராக அவர் தலையிடாத லேஅவுட் கிடையாது. கோபம் மூக்கு நுனியில் இருக்கும். சிகரெட் விரல் இடுக்கில் இருக்கும். எதிராளி விலை சொன்னால் பதில் பேச மாட்டார். ஒன்றைப் பற்ற வைப்பார். அது பாதி எரிவதற்குள் எதிராளியே இறங்கி வந்துவிடுவான்.

அந்தச் சிகரெட்டைத்தான் அவர் மனைவி சரோஜினி பன்னிரண்டு வருடமாக நிறுத்தச் சொன்னாள். அழுதாள். சத்தியம் கேட்டாள். பாக்கெட்டைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டாள். துளசிங்கம் படியவில்லை. போன ஐப்பசியில் அவர் இருமிய இருமலில் எதிர்வீட்டு நாய் தெருவையே மாற்றிக்கொண்டது. நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்த டாக்டர், “இப்பவே விட்டுட்டா தப்பிச்சீங்க” என்றார். “இப்பவேன்னா எப்டி? ஆறு மாசம் டைம் குடுங்க” என்று அங்கேயும் பேரம் பேசிவிட்டு வந்தார்.

அதற்கப்புறம் சரோஜினி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவளுக்குத்தான் வேலை கிடைத்துவிட்டதே. கூடுவாஞ்சேரிக்கு அந்தப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரி. பயிற்சி டாக்டர்கள் பேசிப் பழகுவதற்காக அக்கம்பக்கத்து ஆட்களை நோயாளியாக நடிக்கக் கூப்பிடுவார்கள். மூன்று வாரமாக சரோஜினி அங்கே நோயாளி.

“சிகரெட்டை விட மாட்டேங்கிற ஆள் ஒருத்தர் வேணுமாம்,” என்றாள் ஒருநாள் காலை, வெங்காயம் உரித்தபடி. “யார் சொன்னாலும் கேக்கக் கூடாதாம். மேடம் தேடிட்டிருக்காங்க.”

“நான் ஒருத்தன் கீறனே, கண்ணு தெரியலியா?”

“நீங்களா? வேணாங்க.”

“ஏன் வேணாம்?”

“அந்தப் புள்ளைங்க நல்லா பேசுதுங்க. நீங்க மசிஞ்சிட்டீங்கன்னா எனக்குத்தான் சங்கடம்.”

துளசிங்கம் நாற்காலியை விட்டு எழுந்தார். “நானு? மசியறது? இன்னா டைமுக்கு வரணும்னு கேளு.”

“பத்து மணிக்கு,” என்றாள். கேட்டே வைத்திருந்தாள்.

வகுப்பில் இருபது வெள்ளைக் கோட்டு. பேராசிரியை மிருதுளா மேடம் ஓரமாக உட்கார்ந்திருந்தார். என்ன பேசவேண்டும் என்று எழுதிய காகிதத்தை நீட்டினார்கள். “நமக்கு எதுக்குமா இது? எல்லாம் பொறவியிலயே கீது,” என்று மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

முதலில் குமரவேல் என்ற பையன் வந்தான்.

“அய்யா, சிகரெட்ல எவ்ளோ விஷம் இருக்கு தெரியுமா?”

“தெரியாது. ஒண்ணொண்ணா பேர் சொல்லு தம்பி.”

நாலாவது விஷத்தில் குமரவேல் நின்றுவிட்டான்.

“உயிருக்கே ஆபத்துங்கய்யா.”

“எங்க பெரியப்பா எம்பத்தாறு வயசு வரைக்கும் சுருட்டு. பஸ் மோதித்தான் செத்தாரு. பஸ்ஸ நிறுத்துவியா?”

“நீங்க விட்டே ஆகணும்.”

“ஆகணுமா? எங்கப்பன் சொல்லியே கேக்கல. நீ யாருப்பா?”

குமரவேல் வியர்த்துப்போய் உட்கார்ந்தான். “நாம ஒரு பக்கம் தள்ளினா அவர் எதிர்ப்பக்கம் தள்ளுவார். தப்பு நம்மதுதான்,” என்றார் மேடம். துளசிங்கத்துக்குப் பெருமையில் சட்டைப் பொத்தான் இறுக்கிப் பிடித்தது.

அடுத்து வினிதா. கண்ணாடி போட்ட ஒல்லிப் பெண். கையில் ஃபைல்கூட இல்லை.

“சிகரெட் உங்களுக்கு எதுக்கெல்லாம் உதவுது சார்?”

இதை இதுவரை யாரும் கேட்டதில்லை. துளசிங்கம் பத்து நிமிஷம் பேசினார். அந்தப் பெண் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

“அப்போ அது உங்க தொழில்ல கூட்டாளி மாதிரி.”

“கரெக்டா புடிச்சம்மா.”

“சரி சார். அதை விடறது உங்களுக்கு எவ்ளோ முக்கியம்? பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க.”

நம்பர் என்றதும் துளசிங்கம் நிமிர்ந்தார். வாங்குகிறவன் அடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவள் ஏற்றட்டும், நாம் இழுக்கலாம்.

“மூணு.”

“மூணா சார்? ஏன் ஒண்ணு இல்ல?”

சுரீரென்றது. அவர் சொன்ன நம்பரை அடித்துக் குறைத்துவிட்டு எழுந்து போனவன் இதுவரை கிடையாது.

“இன்னாம்மா, ஒண்ணுன்ற? பொழிச்சலூர்ல மூணாவது மாடி ஃபிளாட் காட்டப் போனேன். லிஃப்ட் இல்ல. பார்ட்டி மேல போயிட்டான், நான் பாதியில ஒக்காந்துகினேன். அவனே பாத்துட்டு அவனே வேணாம்னு பூட்டான். இதுக்கே நாலு வரும்.”

“நாலுன்னே வெச்சுக்கலாமா?”

“அதெப்டி வெச்சுக்குவ? எம்பொண்ணு அவ கொழந்தைய என் மடியில வெக்க மாட்டேன்றா. நாத்தம் அடிக்குதாம். அதுக்கு ரெண்டு போடு. நெஞ்சுப் படம் பாத்துட்டு தூக்கம் போச்சு, அத எவன்கிட்டயும் சொன்னதில்ல. அதுக்கு ரெண்டு. எட்டு. அதுல ஒரு இம்மி கொறைக்க மாட்டேன்.”

மேஜையில் ஒரு தட்டு தட்டினார்.

“எட்டு,” என்றாள் வினிதா மெதுவாக. “அப்போ என்ன பண்ணலாம்னு நெனைக்கிறீங்க?”

“விட வேண்டியதுதான். எட்டுன்னு சொல்லிட்டு விடாதவன் மனுசனா?”

இருபது வெள்ளைக் கோட்டும் கைதட்டியது. அப்போதுதான் அவர் சொன்னது அவருக்கே கேட்டது.

“நடிச்சேன்,” என்றார் சாயங்காலம், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே.

“ஆமாங்க, நடிப்புதானே,” என்றாள் சரோஜினி. மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

“நெசமாலுமே விட்ருவேன்னு நெனச்சிக்கினியா?”

“இல்லீங்க. உங்களுக்கு அது கஷ்டம். ஒரு நாளைக்குப் பத்துன்னு வெச்சுக்குங்க, போதும்.”

“பத்தா? நான் இன்னா அவ்ளோ மட்டமாவா பூட்டேன்? அஞ்சு.”

“அஞ்செல்லாம் முடியாதுங்க. எட்டு.”

“மூணு.”

“வேணாங்க. ரொம்ப எறங்காதீங்க.”

“ஒண்ணுகூட வேணாம், போ.” பாக்கெட்டைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டார். ஜெயித்துவிட்ட நிம்மதியில் நாற்காலியில் சாய்ந்தார். என்னவோ இடிக்கிறதே என்று தோன்ற இரண்டு நிமிஷம் பிடித்தது.

“ஏய் சரோ. ஏன் ஒண்ணு இல்லன்னு கேக்கச் சொல்லிக் குடுத்தது நீயா?”

“அது அவங்க பாடத்துலயே இருக்குதுங்க. அப்படிக் கேட்டா நீங்க வெலைய ஏத்துவீங்கன்னு மட்டும்தான் சொன்னேன்.”

கோபம் வர வேண்டிய இடம். என்னவோ வரவில்லை. “போவட்டும்,” என்றார். “அடுத்த வாரம் என்னைத் திரும்பக் கூப்பிடச் சொல்லு. அந்தப் பொண்ண ஒரு கை பாக்கறேன்.”

“நீங்க இனி வர வேணாம்னு மேடம் அப்பவே போன் பண்ணிட்டாங்க. அடங்காத நோயாளிக்கு நானே போதுமாம். மூணு வாரமா உங்கள மாதிரியே பேசிக் காட்டிட்டிருக்கேன், இன்னும் ஒருத்தராலயும் என்னை மசிய வைக்க முடியலீங்க.”